வைரஸால் ரத்தப் புற்றுநோய் வருமா? உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: சளி, காய்ச்சல் தரும் வைரஸ் புற்றுநோயை எப்படிக் கொண்டுவரும்?

எப்ஸ்டைன்-பார் வைரஸை எடுத்துக்கொள்வோம். எச்சில் வழியாகப் பரவும் இது, பெரியவர்களில் 100-க்கு 90 பேருக்கு மேல் உடம்பில் இருக்கிறது. பி செல் என்னும் வெள்ளணுவுக்குள் புகுந்தால் ஆயுளுக்கும் அங்கேயே தங்கிவிடும். அது உண்டாக்கும் ஒரு புரதம், ‘பெருகு’ என்று பி செல்லுக்கு இயல்பாக வரும் உத்தரவை அப்படியே போலி செய்யும். செல்லும் அதை நம்பிப் பெருகும். ஒவ்வொரு முறை பிரியும்போதும் மரபணுவில் பிழை விழ ஒரு வாய்ப்பு. நல்லவேளையாக, இப்படிப் பெருகும் செல்களை டி செல்கள் என்னும் காவல் வெள்ளணுக்கள் தேடி அழித்துவிடுகின்றன. உறுப்பு மாற்று சிகிச்சைக்கான மருந்தாலோ எச்.ஐ.வி.யாலோ அந்தக் காவல் தளர்ந்தால்தான் சிக்கல்.

கேள்வி: இத்தனை பேருக்கு வைரஸ் இருந்தும் மிகச் சிலருக்கு மட்டும் ஏன் புற்றுநோய்?

வைரஸ் மட்டும் போதாது என்பதால்தான். 1958-ல் யுகாண்டாவில் டெனிஸ் பர்கிட் என்ற அறுவை மருத்துவர், தாடையில் புற்றுக்கட்டியோடு வந்த குழந்தைகளைப் பற்றி எழுதினார். அந்தக் கட்டியின் செல்களில்தான் 1964-ல் இந்த வைரஸைக் கண்டார்கள். ஆனால் நோய் அதிகம் தெரிந்தது மலேரியா ஓயாத பகுதிகளில். மலேரியா பி செல்களைத் திரும்பத் திரும்பத் தூண்டிவிடும், டி செல்களின் காவலையும் பலவீனமாக்கும். அப்புறம், செல்லைப் பெருகவைக்கும் மிக் என்ற மரபணு 8-ஆம் குரோமோசோமிலிருந்து இடம் மாறி, அணையாத விளக்குபோல் வேலை செய்ய வேண்டும். இத்தனையும் ஒரே செல்லில் கூடிவருவது அபூர்வம்.

கேள்வி: என் மனைவிக்கு லிம்போமா (வெள்ளணுக்களில் தோன்றும் ஒரு புற்றுநோய்). குழந்தைகளை அவர் பக்கத்தில் விடலாமா?

தாராளமாக விடுங்கள். புற்றுநோய் தொட்டால் ஒட்டாது, ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது. ஜாக்கிரதை தேவைப்படுவது எதிர்த்திசையில்: கீமோ (புற்றுநோய்க்கான மருந்து சிகிச்சை) நடக்கும் நாட்களில் குழந்தைக்குச் சளி, காய்ச்சல் என்றால் அம்மாவிடமிருந்து கொஞ்சம் தள்ளி வையுங்கள். மற்ற நாட்களில் குழந்தைகள் மடியில் இருப்பதுதான் அவருக்குத் தெம்பு. இந்தப் பயத்தால் ஒதுக்கப்படும் நோயாளிகளை நினைத்தால் மனசு வலிக்கிறது.

கேள்வி: லுக்கேமியா என்ற ரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ் உண்டா?

உண்டு. ஹெச்.டி.எல்.வி-1. தென்மேற்கு ஜப்பானிலும் கரீபியத் தீவுகளிலும் அதிகம். தாய்ப்பால், உடலுறவு, ரத்தம் வழியாகப் பரவும். டி செல்லின் மரபணுவோடு தன்னைக் கோத்துக்கொண்டு, பல பத்தாண்டுகள் பேசாமல் இருக்கும். தொற்று உள்ளவர்களில் ஏறத்தாழ 100-க்கு 5 பேருக்குத்தான் வாழ்நாளில் டி செல் லுக்கேமியா வருகிறது.

கேள்வி: வைரஸை ஒழித்தால் புற்றுநோய் குறையுமா?

சில சமயம் குறையும். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸ் உள்ள சிலருக்கு மண்ணீரலில் மெதுவாக வளரும் ஒரு வகை லிம்போமா வரும். கீமோ இல்லாமல், வைரஸுக்கான மருந்தை மட்டும் கொடுத்தே அது சுருங்கியிருக்கிறது. வைரஸ் தூண்டுவது நின்றால், வளர்ச்சியும் நிற்கிறது. எல்லா லிம்போமாவுக்கும் இது பொருந்தாது.

கேள்வி: கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது. எப்ஸ்டைன்-பார் டெஸ்ட் பாசிட்டிவ். பயப்படணுமா?

அந்த பாசிட்டிவ் பெரும்பாலும் பழைய தொற்றின் தடம், எனக்கும் பாசிட்டிவாகத்தான் வரும். நெறியைக் கவனியுங்கள். 4 வாரத்துக்கு மேல் வற்றாமல் இருந்தாலோ, கெட்டியாக வளர்ந்தாலோ, இரவில் உடை நனைய வியர்த்தாலோ, காரணமின்றி எடை குறைந்தாலோ மருத்துவரைப் பாருங்கள். பயாப்சி (சிறு துண்டு சதை எடுத்துச் செய்யும் சோதனை) எடுக்கச் சொன்னால் தள்ளிப்போடாதீர்கள்.