வீடு ஒன்று, பெயர் நான்கு

கேள்வி: இனம் என்பது ரத்தத்தில் வருவதுதானே? ஆட்சி மாறினால் இனமுமா மாறிவிடும்?

பதில்: மாறும். முன்பு யூகோஸ்லாவியா என்ற நாட்டின் பகுதியாக இருந்த போஸ்னியாவைப் பாருங்கள். அதன் தலைநகர் சரயேவோவில் பிறந்த ஒரு முஸ்லிம் பெரியவரை நினைத்துக்கொள்ளுங்கள். 1948 கணக்கெடுப்பில் அவர் இனம் சொல்லாத முஸ்லிம், 1953இல் இனம் சொல்லாத யூகோஸ்லாவியர், 1971இல் முஸ்லிம் என்பதையே தேசிய இனப் பெயராக அரசு ஏற்றுக்கொண்டது, 1993இல், யூகோஸ்லாவியா உடைந்தபின் போஸ்னியாவில் மூண்ட போருக்கு நடுவே, அது போஸ்னியாக் ஆனது. அவர் குடியிருந்த வீடு அதேதான், பேசிய பேச்சும் அதேதான்.

1981இல் 12 லட்சம் பேர் தங்களை யூகோஸ்லாவியர் என்றே பதிந்தார்கள். பத்தே வருடத்தில் நாடு உடைந்தது, அந்தப் பெயருக்கு நிற்க இடமில்லை. 1990 தேர்தலில் போஸ்னியாவில் ஜெயித்தவை முஸ்லிம், செர்பியர், குரோவேஷியர் என்று இனத்துக்கு ஒன்றாக மூன்று கட்சிகள். பக்கத்து வீட்டுக்காரர் அவர் ஆட்களுக்குத்தான் போடப்போகிறார், நாம் மட்டும் போடாமல் விட்டால் நம் கதி என்ன என்கிற பயம் வந்துவிட்டால் அப்புறம் ரத்தம் எதற்கு?

மொழியும் தப்பவில்லை. செர்போ-குரோவேஷியன் என்றிருந்த ஒரே மொழி இன்று நான்கு பெயரில் நடக்கிறது. போஸ்னிய சிகரெட் பெட்டியில் 'புகைத்தல் கொல்லும்' என்ற எச்சரிக்கை மூன்று வரி: முதல் இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே, மூன்றாவது அதே சொற்கள், ரஷ்ய மொழி எழுதும் சிரிலிக் எழுத்தில்.

சரி, அப்படியானால் இனமே பொய்தானே என்று அடுத்த கடிதம் போட்டுவிடாதீர்கள். 1995 ஜூலையில் ஸ்ரெப்ரெனிட்சா என்ற போஸ்னிய ஊரில் 8,000க்கும் மேற்பட்ட போஸ்னியாக் ஆண்களையும் பையன்களையும் போஸ்னிய செர்பியப் படையினர் அந்தப் பெயரைப் பார்த்துத்தான் கொன்றார்கள். மகனைப் புதைத்த தாயிடம் போய் 'இது நேற்று வைத்த பெயர்தானே' என்று நீங்கள் சொல்வீர்களா? நான் சொல்ல மாட்டேன். அரசு எழுதிக் கொடுத்த பெயர்தான், ஆனால் அதற்காகச் செத்தவர்கள் இருக்கும்போது அது அவர்களுடையதாகிவிடுகிறது.

என் கோபமெல்லாம் போரை நிறுத்திய டேட்டன் ஒப்பந்தம் அந்த இனக் கட்டங்களை அரசியல் சட்டத்திலேயே பூட்டி வைத்ததில்தான். போஸ்னியாக், குரோவேஷியர், செர்பியர் தவிர மீதிப் பேர் அதில் 'மற்றவர்கள்'. இனத்துக்கு ஒருவராக மூன்று பேர் சேர்ந்து நாட்டுக்குத் தலைமை வகிக்கும் அதிபர் குழுவுக்கு அவர்கள் நிற்க முடியாது. செய்திச் என்ற ரோமா இனத்தவரும் ஃபின்ட்சி என்ற யூதரும், மூன்றில் ஒன்றாகத் தங்களை எழுதிக்கொள்ள மறுத்து ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் போனார்கள். 2009 டிசம்பரில் ஜெயித்தார்கள். பல வருடம் கழிந்தும் சட்டம் திருத்தப்படவில்லை.