அம்மாவுக்கு வந்தது எனக்கும் வருமா? மூளைத் தேய்வு நோய்களும் மரபணுவும்: கேள்வி பதில்

சுமதி: அம்மாவுக்கு 74 வயதில் அல்சைமர் தொடங்கியது. எனக்கும் வந்தே தீருமா?

இல்லை. வாய்ப்பு ஓரளவு கூடும், அவ்வளவுதான். ஒரே ஒரு மரபணுக் கோளாறால் தலைமுறை தலைமுறையாக இறங்கும் அல்சைமர், மொத்த நோயாளிகளில் நூற்றில் ஒருவருக்கும் குறைவு. அதுவும் பெரும்பாலும் 65 வயதுக்கு முன்பே தலைகாட்டிவிடும். அம்மாவுடையது அந்த வகையாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

பிரகாஷ்: எச்சில் பரிசோதனையில் எனக்கு ஏபிஓஇ 4 இரண்டு பிரதி என்று வந்திருக்கிறது. தூக்கமே போச்சு சார்.

இது மூளையில் கொழுப்பைச் சுமந்து செல்லும் புரதத்துக்கான மரபணு. 4-ஆம் வகை இருந்தால் பீட்டா அமிலாய்டு என்ற புரதக் கழிவு சரியாக அகற்றப்படாமல் தேங்குகிறது. ஒரு பிரதிக்கு அல்சைமர் ஆபத்து சுமார் 3 மடங்கு, இரண்டுக்கு 8 முதல் 12 மடங்கு என்பார்கள். ஆனால் இந்த எண்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரிடம் எடுத்தவை. எல்லாருக்கும் அப்படியே பொருந்தாது. இரண்டு பிரதியோடு முதுமையிலும் தெளிவாக இருப்பவர்களும் உண்டு. ஒன்றை மட்டும் குறித்து வையுங்கள்: என்றாவது அமிலாய்டை அகற்றும் லெகனெமாப் போன்ற அல்சைமர் மருந்து பேச்சுக்கு வந்தால், இந்த முடிவை மருத்துவரிடம் காட்டுங்கள். இரண்டு பிரதி உள்ளவர்களுக்கு அதில் மூளை வீக்கம், ரத்தக்கசிவு அதிகம்.

ரஹீம்: அப்பாவுக்கு ஹண்டிங்டன். இதுவும் வாய்ப்புக் கணக்குதானா?

இங்கே அப்படி ஆறுதல் சொல்ல முடியாது, தம்பி. ஹண்டிங்டன் என்பது உடல் அசைவும் நினைவும் மெல்லக் கெடும் மூளை நோய். இதற்குக் காரணமான மரபணுவை 1993-ல் கண்டுபிடித்தார்கள். அதில் சி-ஏ-ஜி என்ற மூன்று மரபணு எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும். 26 வரை சிக்கல் இல்லை. 36 முதல் 39 வரை வரலாம், வராமலும் போகலாம். 40-ஐத் தொட்டால், ஆயுள் இருந்தால் நோய் வரும். பிள்ளைக்கு இறங்க சரிபாதி வாய்ப்பு. அப்பா வழியாக வரும்போது எண்ணிக்கை இன்னும் ஏறுவதும் உண்டு.

பிறக்கும்போதே இருக்கும் கோளாறு ஏன் நாற்பது வயதுவரை காத்திருக்கிறது? எனக்கு இதில் ரொம்பப் பிடித்த புதிர் இதுதான். இந்த நோயில் முதலில் அழியும் நரம்பணுக்களில் அந்த எழுத்து வரிசை வாழ்நாள் முழுவதும் மெல்ல நீண்டுகொண்டே போகிறது. 42-ஆகத் தொடங்கியது ஒரு கட்டத்தில் நூற்றைத் தாண்டி ஓடும். அப்புறம்தான் அந்த நரம்பணு சாகிறது. அதனால் அந்த நீட்சியைத் தடுக்கும் மருந்துகளைத் தேடுகிறார்கள்.

பரிசோதனை செய்வதா வேண்டாமா என்பது உங்கள் உரிமை. முதலில் மரபணு ஆலோசகரைப் பாருங்கள், அவசரமே இல்லை.

கீதா: ஏன் எல்லா நோயிலும் ஏதோ ஒரு புரதம் கட்டிக்கொள்கிறது?

அல்சைமரில் அமிலாய்டும் டௌவும், பார்கின்சனில் ஆல்ஃபா சினுக்ளின். தப்பாக மடிந்த ஒன்று பக்கத்தில் இருப்பதையும் தன்னைப்போல மடிக்கிறது. நரம்பணு பிரிந்து பெருகாது. அதனால் குப்பையைப் பங்கிட்டுக் குறைக்கவும் வழியில்லை.

விக்டர்: மரபணுவைக் குறிவைத்த மருந்து ஒன்றாவது இருக்கிறதா?

இருக்கிறது. தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் அழியும் ஏஎல்எஸ் நோயில், எஸ்ஓடி1 மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு டோஃபர்சன் என்ற மருந்து. 2023-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மரபணுவைத் தொடாமல், அதிலிருந்து புரதத்துக்குப் போகும் செய்தியை வழியிலேயே அழிக்கிறது. முதுகுத்தண்டில் ஊசி. ஏஎல்எஸ் நோயாளிகளில் சுமார் 2 சதவீதத்தினருக்கே அந்த மாற்றம் உண்டு, அதனால் மற்றவர்களுக்கு இது உதவாது.