பழைய கணினி காலையில் மட்டும் லோகோவோடு நின்றுவிடுகிறது. திரும்பவும் ஃபார்மட் செய்ய வேண்டுமா?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கிச் சொல்கிறேன். நுவரெலியா மலைப்பக்கத்து லிந்துலையில் தேயிலைத் தோட்டத்து வீடு. தம்பி உயர்தரப் படிப்புக்குப் பாவிக்கிற பழைய டெஸ்க்டொப். காலையில் போட்டால் மதர்போர்ட் லோகோ வந்து அப்படியே நிற்கிறது. மூன்று நான்கு தடவை ஓஃப் பண்ணிப் போட்டால் ஒருவழியாக விண்டோஸ் வருகிறது. பகலில் ஒரு தொல்லையும் இல்லை. சில நாட்களில் திகதி 2009 என்று காட்டுகிறது. கடையில் இரண்டு முறை ஃபார்மட் செய்து கொடுத்தார்கள், ஒரு வாரத்தில் பழையபடி. இப்போது மூன்றாவது முறையும் செய்யலாம் என்கிறார்கள்.

செய்ய விடாதீர்கள். உங்கள் பிரச்சினைக்கும் விண்டோஸுக்கும் அநேகமாகச் சம்பந்தமே இல்லை.

பட்டனை அழுத்தியதும் என்ன நடக்கிறது என்று பாருங்கள். முதலில் பவர் சப்ளை தன் வோல்ட்டுகளை நிலைப்படுத்திக்கொண்டு, எல்லாம் சரி என்று மதர்போர்ட்டுக்கு ஒரு சிக்னல் அனுப்பும். அது வந்த பிறகுதான் பயோஸ், அதாவது மதர்போர்ட்டிலேயே இருக்கிற தொடக்க மென்பொருள், எழும்பி ரேம், கீபோர்ட், ஹார்ட் டிஸ்க் என்று ஒவ்வொன்றாகத் தேடும். நீங்கள் பார்க்கிற லோகோ இந்தத் தேடல் நடக்கும்போது திரையில் நிற்கிற படம். விண்டோஸின் முறை அதற்கப்புறம்தான் வரும். லோகோவில் நிற்கிற மெஷினுக்கு விண்டோஸை அழித்து மறுபடி போடுவது, அடுப்பு பற்றாத வீட்டில் அரிசியை மாற்றுகிற மாதிரி.

கடைக்காரரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. நீங்கள் காலையில் பஸ் ஏறி டவுனுக்குப் போய்ச் சேரும்போது பத்து, பதினொரு மணி ஆகியிருக்கும். மெஷினும் சூடு கண்டிருக்கும். அவர் போட்டால் முதல் தடவையிலேயே வந்திருக்கும். அவர் கண்ணுக்குப் பிழை தெரியவே இல்லை, தெரியாத பிழைக்கு ஃபார்மட் செய்து கொடுத்திருக்கிறார்.

நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கொட்டகலையில் நாங்கள் இருந்தபோது, கொழும்பில் கடையில் வேலை செய்த அண்ணன் சம்பளத்தில் மிச்சம் பிடித்து எனக்கொரு பழைய கணினி வாங்கிக் கொடுத்தார். ஒரு தை மாதத்துக் குளிரில் அதுவும் இப்படித்தான் காலையில் எழும்ப மறுத்தது. டவுனில் ஒரு கடையில் கொடுத்தேன். ஃபார்மட் செய்து தந்தார்கள். எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் எடுத்த படங்கள் அதில்தான் இருந்தன. அம்மாயி கரகத்துக்கு முன்னால் கும்பிட்டுக்கொண்டு நிற்கிற படமும் அதில் ஒன்று. அம்மாயி அந்த வருடமே போய்விட்டார். அந்தப் படம் திரும்பக் கிடைக்கவில்லை. மெஷினோ அடுத்த வாரம் மறுபடி லோகோவில் நின்றது.

பிழையைக் கண்டுபிடித்தவர் கணினி திருத்துகிற பாஸ் (மெக்கானிக்) இல்லை, ரேடியோ திருத்துகிற ஒரு வயதான பாஸ். மூடியைக் கழற்றி மேசை விளக்கைக் கிட்டே இழுத்து வைத்துக்கொண்டார். புரொசெசருக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்கிற சின்ன உருளைகளின் தலையைச் சுண்டுவிரலால் ஒவ்வொன்றாகத் தடவினார். நாலாவதில் விரல் நின்றது. "இங்க தொட்டுப் பாருங்க தம்பி, மத்ததெல்லாம் தட்டையா இருக்கு, இது மட்டும் உப்பியிருக்கு" என்றார். தொட்டுப் பார்த்தேன். பால் கொதித்து ஆடை தூக்கின மாதிரி மெல்லிய மேடு. அதன் உச்சியில் இருந்த சிலுவைக் கோட்டின் ஓரத்தில் தேயிலைச் சாயம் காய்ந்தது போல ஒரு பழுப்புத் துளி.

அந்த உருளைதான் கெப்பாசிட்டர், மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்கிக் கொடுப்பது. பவர் சப்ளைக்குள்ளும் இவை இருக்கும். உள்ளே ஒரு திரவம் இருக்கும். வருடக்கணக்கில் சூட்டில் கிடந்து அது வற்ற வற்ற, உள் தடை கூடும். குளிரில் அது இன்னும் கூடும். நல்ல கெப்பாசிட்டர் அதைத் தாங்கிக்கொள்ளும், ஏற்கெனவே வற்றிப்போனது தாங்காது. மெஷினுக்குப் போகிற மின்சாரம் சீராக இல்லாமல் துடிக்கும், தொடக்கமும் பாதியில் நின்றுபோகும். நீங்கள் ஓஃப் பண்ணிப் பண்ணிப் போடும்போது ஒவ்வொரு தடவையும் அது கொஞ்சம் சூடாகிறது. நாலாவது தடவை எழும்பிவிடுகிறது. பகலில் எழும்புவதற்கும் இதுதான் காரணம். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிற நுவரெலியாவையும் அதைச் சுற்றிய தோட்டங்களையும் ஜனவரி, பெப்ரவரியில் கொழுந்தைக் கருக்குகிற பனி பிடிக்கும். அந்த விடியற்காலையில் பதினைந்து வருடப் பழைய பவர் சப்ளை தடுமாறாமல் இருந்தால்தான் ஆச்சரியம். கொழும்பில் இதே மெஷின் இன்னும் இரண்டு வருடம் சும்மா ஓடியிருக்கலாம்.

உங்கள் மெஷினில் இது இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி சொல்கிறேன். காலையில், முதல் தடவை போடுவதற்கு முன்னால் செய்யுங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு பக்க மூடியைத் திறந்து, ஹெயார் ட்ரையரைக் குறைந்த சூட்டில் வைத்து, ஒரு சாண் தூரத்திலிருந்து மதர்போர்ட்டின் உருளைகளுக்கும் பவர் சப்ளையின் காற்றுத் துவாரத்துக்கும் இரண்டு மூன்று நிமிடம் காட்டுங்கள். பிறகு பிளக்கைப் போட்டு ஓன் பண்ணுங்கள். இப்படி இரண்டு மூன்று நாள் காலையில் முதல் தடவையிலேயே எழும்பினால், குளிரில் தடுமாறுகிற கெப்பாசிட்டர்தான் என்று கிட்டத்தட்ட முடிவு கட்டலாம். யாரிடமாவது வேறு பவர் சப்ளை இரவல் கிடைத்தால் இன்னும் நல்லது. ஒரு காலைக்கு மாட்டிப் பாருங்கள். அதோடு ஒழுங்காக எழும்பினால் பிழை பழைய சப்ளையில். அப்போதும் நின்றால் மதர்போர்ட்டில் தேடுங்கள்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பவர் சப்ளைப் பெட்டியை நீங்களோ தம்பியோ திறக்கவே வேண்டாம். 230 வோல்ட் உள்ளே போய் 300 வோல்ட்டுக்கு மேலான நேரோட்ட மின்சாரமாக (டீசீ) மாறி அங்குள்ள பெரிய கெப்பாசிட்டரில் தேங்கும். பிளக்கைக் கழற்றின பிறகும் அது கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கும். சப்ளை பழுது என்றால் முழுதாக மாற்றிவிடுங்கள். மதர்போர்ட்டில் இருக்கிற கெப்பாசிட்டரை நல்ல ரேடியோ, டீவி பாஸ் யாரும் மாற்றித் தருவார். அதே மைக்ரோஃபராட், அதே வோல்ட் அல்லது கொஞ்சம் கூட, 105 பாகை வகை, உள் தடை குறைந்தது என்று சொல்லி வாங்குங்கள்.

அடுத்தது அந்த 2009. அதை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அது முக்கியமான தடயமாகப் படுகிறது. மதர்போர்ட்டில் ஒரு ரூபாய்க் குத்தி மாதிரி வட்டமான பட்டரி இருக்கும், சிஆர் 2032. 20 மில்லிமீற்றர் அகலம், 3.2 மில்லிமீற்றர் தடிப்பு என்பதுதான் அந்த எண். மெஷின் பிளக்கில் இருக்கும்வரை கடிகாரம் சுவர்க் கரண்டில் ஓடும். பிளக்கைக் கழற்றினால் பட்டரியில் ஓடும். நம் பக்கத்தில் சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரமானால் இடி மின்னல், அதனால் எல்லோரும் இரவில் பிளக்கைக் கழற்றிவிட்டுத்தான் படுப்போம். அது நல்ல பழக்கம், விடவேண்டாம். ஆனால் அதனால் பட்டரி சீக்கிரம் தீரும், தீர்ந்துபோனது குளிரில் இன்னும் தளரும்.

பட்டரி போனால் திகதி பிழைப்பது மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். பயோஸில் செய்து வைத்த அமைப்புகள் எல்லாம் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிடும். ஹார்ட் டிஸ்க்கோடு பேசுகிற முறையைக் குறிக்கிற சாட்டா என்ற இடத்தில் ஏஎச்சிஐ என்று இருந்தது, பல பழைய மதர்போர்ட்களில் ஐடிஈ என்று மாறிப்போகும். ஏஎச்சிஐயில் போட்ட பழைய விண்டோஸுக்கு அப்போது ஹார்ட் டிஸ்க்கை அடையாளம் தெரியாது. பிழையைக் காட்டுகிற நீலத் திரை ஒரு கணம் மின்னி மெஷின் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகும். நீலத் திரையின் எண் 7பி என்று முடியும். இதைப் பார்த்து விண்டோஸ் கெட்டுவிட்டது என்று ஃபார்மட் செய்த மெஷின்கள் என்னிடமே பல வந்திருக்கின்றன. புதுப் பட்டரி போட்டு, பயோஸுக்குள் போய் அந்த ஒரு வரியைத் திருப்பி வைத்தால் போதுமாக இருந்தது. மல்டிமீட்டர் இருந்தால் பட்டரியை அளந்து பாருங்கள். புதியது 3 வோல்ட்டுக்கு மேல் காட்டும். 2.8க்குக் கீழே இறங்கியிருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள்.

லோகோவில் நிற்பதற்கு இன்னும் ஓரிரண்டு சாதாரணக் காரணங்கள் உண்டு, அவற்றையும் பார்த்துவிடலாம். பென் டிரைவ், பிரிண்டர், கார்ட் ரீடர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் போட்டுப் பாருங்கள். ரேமைக் கழற்றி அதன் பொன்னிறப் பற்களை வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, காய்ந்த துணியால் துடைத்து மாட்டுங்கள். மூடுபனி வீட்டுக்குள்ளே வருகிற இடங்களில் அந்தப் பற்களில் மெல்லிய படலம் பிடிப்பது வழமை. அப்புறம் ஹார்ட் டிஸ்க்கின் சாட்டா வயரைக் கழற்றிவிட்டுப் போடுங்கள். அப்போது லோகோவைத் தாண்டி, டிஸ்க் இல்லை என்று ஒரு வரி வந்தால், பயோஸைத் தடுத்து நிறுத்தியது டிஸ்க் அல்லது வயர். வயர் மலிவு, முதலில் அதை மாற்றுங்கள்.

டிஸ்க்தான் என்று தெரிந்தால் தயவுசெய்து அவசரப்படாதீர்கள். டிக் டிக் என்று சத்தம் கேட்கிற டிஸ்க்கில், டிஸ்க்கைச் சோதித்துத் திருத்துகிற விண்டோஸின் செக் டிஸ்க்கை ஓடவிடவே கூடாது. மிச்சம் இருக்கிற உயிரும் அதில் போய்விடும். விண்டோஸுக்குப் பதிலாகப் பாவிக்கக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டை ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே மெஷினைத் தொடங்கி, தம்பியின் பாடக் குறிப்புகளையும் வீட்டுப் படங்களையும் வெளியே நகல் எடுங்கள். சோதனை எல்லாம் அதற்குப் பிறகு. கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற சின்ன மென்பொருளில், டிஸ்க்கில் பழுதான இடங்களைக் கணக்கிடுகிற 05, சி5 என்ற வரிகளைப் பாருங்கள். அவற்றில் பூச்சியம் இல்லாமல் எண் ஏறிக்கொண்டே போனால் அந்த டிஸ்க்கை நம்ப முடியாது.

மதர்போர்ட் லோகோவைத் தாண்டி விண்டோஸ் லோகோவில் நின்றால் அது வேறு கதை. விண்டோஸ் 7 என்றால் எஃப்8 அழுத்தி, அவசியமானவற்றை மட்டும் ஏற்றுகிற சேஃப் மோடில் போகலாம். அங்கே வரிசையாக ஓடுகிற டிரைவர் கோப்புகளின் பெயர்களில் கடைசியில் நிற்பதைக் குற்றவாளியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது ஏறி முடிந்த பெயர். சிக்கியிருப்பது அதற்கு அடுத்தது.

பழுது தீர்ந்த பிறகு கையில் காசு இருந்தால் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக ஒரு சின்ன எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) போடுங்கள், பழைய மெஷினுக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை. விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரியிலும் விண்டோஸ் 10க்கானது 2025 ஒக்டோபரிலும் முடிந்துவிட்டன. அதனால் தம்பியின் பாடத்துக்கு விண்டோஸ்தான் வேண்டும் என்றில்லாவிட்டால் லினக்ஸ் மின்ட்டின் இலேசான எக்ஸ்எஃப்சிஈ பதிப்பையே பாவிக்கச் சொல்லுங்கள். 2 ஜிபி ரேமிலும் ஓடும், 4 இருந்தால் வசதி.

நாளைக் காலையில் முதலில் இதைச் செய்யுங்கள். லோகோ வந்ததும் டேப் விசையை அழுத்துங்கள். பல மதர்போர்ட்களில் படம் விலகி எழுத்து வரிகள் தெரியும். நிற்கும்போது கடைசி வரி என்னவென்று ஃபோனில் படம் எடுத்து இங்கேயே போடுங்கள். பட்டரி எத்தனை வோல்ட் காட்டியது, உருளைகளில் எதன் தலையாவது உப்பியிருக்கிறதா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். நான் இரவு எட்டு மணிக்கு மேல் வந்து பார்க்கிறேன். அதுவரை மெஷினைக் கடைக்குக் கொண்டுபோக வேண்டாம்.