வாத்தியம் இல்லாம பாடி பொழைக்க முடியுமா? கேள்வி பதில்

வாத்தியமே இல்லாம வாயாலயே பாடுற (அக்கபெல்லா) அமெரிக்க குரூப் பென்டடோனிக்ஸ் பத்தி தெரிஞ்சத சொல்றேன்னேன், கேள்வியா கொட்டிட்டீங்க. நான் பாம்பன் பக்கம் கோயில் பாடகர் குழுவுல 12 வருஷமா பேஸ், அதாவது அடிக்குரல், பாடுறவன், அவ்ளோதான் தகுதி.

தங்கச்சிமடம் தம்பி: அண்ணே, அக்கபெல்லான்னா கோரஸ் தானே?

இல்லப்பா. கோரஸ்க்கு பின்னாடி பெரும்பாலும் கீபோர்டு இருக்கும், இதுல அந்த கீபோர்டு, டிரம்ஸ் வேலையும் வாய்தான் செய்யணும். கரைவலை இழுக்கும்போது பெருசுங்க பாடுற அம்பா பாட்டுக்கு எவன் வாத்தியம் வாசிச்சான்? ஒருத்தர் எடுத்து விடுவாரு, மத்தவங்க ஏலேலோன்னு வாங்குவாங்க, இழுக்குற கயிறுதான் தாளம்.

கீழக்கரைல இருந்து: பென்டடோனிக்ஸ் டிவி போட்டில ஜெயிச்சதால தானே பெரிய ஆளானாங்க?

எல்லாரும் இப்படித்தான் நெனைக்கிறாங்க. டெக்ஸாஸ்ல ஆர்லிங்டன்ல ஒரே ஸ்கூல்ல படிச்ச மூணு பேரு, கூட பேஸ்க்கு அவி கேப்ளன், வாயாலயே தாளம் போடுற பீட்பாக்ஸ்க்கு கெவின் ஒலுசோலா, அஞ்சு பேரும் நேர்ல ஒண்ணா சேந்ததே ஆடிஷனுக்கு மொத நாள்தான், 2011ல தி சிங்-ஆஃப்ங்கிற அமெரிக்க டிவி போட்டில ஜெயிச்சு 2 லட்சம் டாலரும் ரெக்கார்டிங் ஒப்பந்தமும் வாங்குனாங்க. வாங்கி என்ன, கொஞ்ச நாள்லயே அந்த ரெக்கார்டிங் கம்பெனி கழட்டி விட்டுருச்சு. அப்புறம் யூடியூப்ல விடாம பாட்டா போட்டுத்தான் கூட்டம் சேத்தாங்க. டாஃப்ட் பங்க்ங்கிற குரூப்போட பாட்டுகள ஒண்ணா கோத்து 2013ல போட்ட கலவைக்குத்தான் 2015ல மொத கிராமி விருது, அதே வருஷம் ஆல்பம் அமெரிக்க பில்போர்டு பட்டியல்ல நம்பர் 1. அடுத்த ரெண்டு வருஷமும் வருஷத்துக்கு ஒரு கிராமி வரிசையா வந்துச்சு. என்னைக் கேட்டா கழட்டி விட்டதுக்கு அப்புறம் யூடியூப்ல பாட்டா போட்ட அந்த காலம்தான் அவங்க கேரியரே.

தொண்டி: நாங்களும் சினிமா பாட்ட பாடி போட்டா காசு வருமா?

விளம்பரக் காசு பெரும்பாலும் பாட்டு உரிமை வச்சிருக்கவங்களுக்குப் போயிரும். ஆளுங்க உங்களைத் தெரிஞ்சுக்குவாங்க, கல்யாண வீடு, திருவிழா கச்சேரி வரும். அத நம்பு.

மண்டபம்: எங்க பேஸ் பையன் அடுத்த மாசம் சிங்கப்பூர் போறான் மாமா, குரூப்ப கலைச்சிரலாமா?

நம்ம ஊரு குரூப் எல்லாத்துக்கும் இதே கதைதான் மாப்ள, மேல் குரலுக்கு பத்து பேரு வருவான், கீழ பாட ஒருத்தன் சிக்குறது கஷ்டம், அவன் போனா மேல நிக்கிறவன் எல்லாம் அந்தரத்துல தொங்குவான். ஆனா அவி கேப்ளனே 2017ல ஊர் ஊரா சுத்த முடியலன்னு விலகிட்டாரு, மேட் சாலி வந்தாரு, குரூப் இன்னும் ஓடுது. பையன் பிளேன் ஏறுறதுக்குள்ள அவன் பகுதிய மட்டும் தனியா போன்ல பதிஞ்சு வாங்கி வைங்க, புதுசா வர்றவன் அதக் கேட்டு படிச்சுக்குவான்.

பாம்பன்: போட்டுக்குப் போற பசங்க நாங்க, எப்ப பயிற்சி எடுக்குறது?

மீன்பிடி தடைக்காலம் எதுக்கு இருக்கு? ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் கரையிலதானே கெடக்கீங்க. சாயங்காலம் ஒரு மணி நேரம் போதும். ஆரம்பிக்கும்போது போன்ல சுருதி வச்சுக்குங்க, பாட்டு முடிஞ்சதும் அதே சுருதிய திரும்ப போட்டுப் பாருங்க. மொத வாரம் எல்லாரும் கீழ எறங்கியிருப்பீங்க, சண்டை போடாதீங்க, எங்களுக்கு அது சரியாகுறதுக்கு ஒரு வருஷம் ஆச்சு.