தரையில் ஏழு சுற்றுக் கோட்டை: வாசகர் கேள்விகள்

கேள்வி: 14 அடிக்கு 12 அடி ஹாலில் மொசைக் போடப்போகிறோம். கிளை பிரியாமல் ஒரே வழியாகச் சுற்றி நடுவுக்குப் போகும் ஏழு சுற்றுக் கோட்டையை அதில் பதிக்க முடியுமா? பிள்ளைகள் நடந்து விளையாடவும் வேண்டும்.
- வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: தாராளமாக. முதலில் வழியின் அகலத்தை முடிவு செய்யுங்கள், மற்ற அளவெல்லாம் அதிலிருந்தே வரும். கோட்டையின் குறுக்களவு வழியைப் போல 15 மடங்கு, நெட்டளவு 13½ மடங்கு. உங்கள் ஹாலுக்கு 10 அங்குல வழி சரி. 12½ அடிக்கு 11¼ அடி ஆகும், பார்டருக்கும் இடம் இருக்கும்.

20 அங்குலக் கைகளோடு ஒரு கூட்டல் குறி போடுங்கள். அதன் நான்கு மூலைகளிலும் 10 அங்குலக் கைகளுள்ள 'ட' மாதிரி செங்கோணம் ஒவ்வொன்று, மடிப்பு நடுவைப் பார்த்தபடி. 40 அங்குலச் சதுரத்தின் மூலைகளில் நான்கு புள்ளிகள். புள்ளிகளும் முனைகளாகவே கணக்கு. கூட்டல் குறியின் மேல்முனையை, அதற்கு வலப்பக்கம் அடுத்திருக்கும் செங்கோணத்தின் மேல்முனையோடு வில்லாக இணைத்து, பிறகு இடப்பக்கம் அடுத்தது, வலப்பக்கம் அடுத்தது என்று ஜோடி சேர்த்துக்கொண்டே போனால் எட்டு வில்லில் கோட்டை முடிந்துவிடும். ஒரு முனையைத் தாண்டிவிட்டால் வழி அடைபடும்.

வில் வரைய ஐந்து ஆணி போதும். மேல்முனைக்கு 5 அங்குலம் வலப்பக்கம் ஒன்று, புள்ளிகளில் நான்கு. நூல் வேண்டாம், இழுத்தால் நீளும். 6¼ அடி ஆரத்தில் அந்தப் பிசகு நன்றாகவே தெரியும். மெல்லிய கம்பி பிடியுங்கள். வாசல் நடுக்கோட்டிலிருந்து 10 அங்குலம் இடப்பக்கம் விழும். கதவுக்கு நேராக வேண்டுமென்றால் கலவை போடும் முன்பே மொத்தத்தையும் நகர்த்த வேண்டும்.

கோடுகளின் மொத்த நீளம் 150 அடி. கோடுகளாகப் பதிக்கச் சேதாரம் சேர்த்து 165 அடி பித்தளைப் பட்டை வாங்குங்கள், 1½ மி.மீ. கனம் போதும். அலுமினியம் ஈரச் சிமென்ட்டோடு வினைபுரிந்து குமிழி விட்டு நெகிழும். கண்ணாடிப் பட்டை வளையாது. அதுதான் பிடிக்கும் என்றால் வில்லையெல்லாம் செங்கோணமாக்கிச் சதுரக் கோட்டையாகப் போடலாம். பொள்ளாச்சி அருகே கெடிமேட்டில் உள்ள கற்கோட்டை சதுரம்தான்.

அடியில் 1 அங்குலம் 1:2:4 (சிமென்ட், மணல், ஜல்லி) கான்கிரீட், மேலே அரை அங்குலம் மொசைக். 1 பங்கு வெள்ளைச் சிமென்ட்டுக்கு சுமார் 1½ பங்கு மார்பிள் சிப்ஸ். கலர் பவுடரை மொத்தச் சிமென்ட்டிலும் ஒரே தடவையில் உலர்வாகக் கலந்துவிடுங்கள், இல்லாவிட்டால் சுற்றுக்குச் சுற்று நிறம் மாறும். வழி நீண்ட நாடாவாக ஓடுவதால், காயும்போது சுருங்கிக் குறுக்கே வெடிக்கும். 6 அடிக்கு ஒரு இடத்தில், கலவை நிறத்திலேயே மெல்லிய பிளாஸ்டிக் பட்டையைக் குறுக்கே வையுங்கள். ஒரு வாரம் ஈரச் சாக்கு. பிறகு பாலிஷ் மெஷினில் 60-ம் நம்பர் கல், ஓட்டைகளுக்கு அதே நிறச் சிமென்ட் பால், அது இறுகியதும் 120, 320.

கேள்வி: நம்மூர் மேக்னசைட் வெள்ளைக்கல்லை உடைத்து சிப்ஸாகப் போட்டால் செலவு குறையுமே?
- வாசகர், கருப்பூர்

பதில்: வேண்டாம். சுடாத கல்லில் அவ்வளவு பயமில்லை. சூளையில் சுட்ட துண்டு கலந்துவிட்டால்தான் ஆபத்து. சுட்ட கல்லில் இருக்கும் மெக்னீசியம் ஆக்சைடு ஈரத்தை மெதுவாக உறிஞ்சி இரு மடங்குக்கும் மேல் பருக்கும். பாலிஷ் முடிந்து பல மாதம் கழித்து தரை அங்கங்கே பெயரும். பொடித்த கல்லில் இரண்டையும் கண்ணால் பிரிப்பது கடினம். மார்பிள் சிப்ஸே வாங்குங்கள்.

கேள்வி: எங்களுடையது பழைய ரெட் ஆக்சைடு தரை, அறை 10 அடிக்கு 9 அடி. உடைக்காமல் மேலே பெயிண்டில் போடலாமா?
- வாசகர், ஏற்காடு

பதில்: போடலாம், ஆனால் ஈரம் பாருங்கள். 2 அடிச் சதுர பாலிதீனை நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். அடியில் நீர் கோத்தாலோ தரை கறுத்தாலோ கீழிருந்து ஈரம் ஏறுகிறது, எபாக்சி பெயிண்ட் கொப்பளித்துவிடும். காய்ந்த தரையானால் பழைய மெழுகை முழுக்க எடுத்து, 80-ம் நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, பிரைமருக்கு மேல் இரண்டு கோட் அடியுங்கள். மூடுபனி நாளில் தொடவே வேண்டாம்.

உங்கள் அறைக்கு மூன்று சுற்றே அழகு. செங்கோணங்களை விட்டுவிட்டு, கூட்டல் குறியும் நான்கு புள்ளிகளும் மட்டும். குறுக்கே வழியைப் போல 7 மடங்கு, நெடுக்கே 6½ மடங்கு. 15 அங்குல வழி என்றால் 8¾ அடிக்கு 8 அடி 1½ அங்குலம். கோட்டுக்கு ஒட்டிய டேப்பைப் பெயிண்ட் முழுக்கக் காயும் முன்பே உரியுங்கள், காய்ந்தபின் உரித்தால் ஓரம் பிய்ந்து வரும்.