மரபணுத் திருத்தமா, மூளை ஆய்வா: பிளஸ் டூ முடித்தபின் எதைத் தேர்ந்தெடுப்பது?

குன்னூரில் பிளஸ் டூ படிப்பதாகவும், நீட் எழுத விருப்பமில்லை என்றும், மரபணுத் திருத்தம், மூளை அறிவியல் இரண்டில் எது என்று குழம்புவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நானும் குன்னூர்க்காரன்தான். இப்போது பெங்களூரில் நரம்புச் செல்களோடு குடித்தனம்.

1996இல், எனக்கு ஒன்பது வயது. பெட்ஃபோர்டு பக்கம் ஒரு நாய் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. தொப்புளைச் சுற்றி நாளுக்கு ஒன்றாக 14 ஊசி. மருந்து, 1907 முதல் நம் ஊரில் இருக்கும் பாஸ்டியர் நிறுவனத்தில் தயாரானது. ஆட்டு மூளையில் வெறிநோய் வைரஸை வளர்த்து, பீனாலால் அதைச் செயலிழக்கச் செய்து எடுத்த மருந்து என்று அப்பா சொன்னபோது ஊசியைவிட அதுதான் என்னைக் கலக்கியது. (அதிலிருந்த மூளைத் திசு சிலருக்கு நரம்புப் பாதிப்பை உண்டாக்கியதால் அவ்வகைத் தடுப்பூசி பிறகு கைவிடப்பட்டது.)

உதகை அரசு கலைக் கல்லூரியில் படித்து, முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தபோது என் கையில் முதலில் தந்த குப்பியில் இருந்ததும் அதே வைரஸ்! அது நரம்பு வழியே செல்லுக்குச் செல் தாவி மூளைக்குப் போகும். தாவுவதற்கு வேண்டிய ஜி என்ற மரபணுவை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் ஒளிரும் புரதத்தின் மரபணுவை வைக்கிறார்கள். நாம் தேர்ந்தெடுத்த செல்லுக்கு மட்டும் ஜி புரதத்தைத் தனியாகக் கொடுத்தால், வைரஸ் அங்கிருந்து ஒரே ஒரு தாவல் தாவி நின்றுவிடும். அந்தச் செல்லுக்கு எவையெல்லாம் நேரடியாகச் செய்தி அனுப்புகின்றன என்பது நுண்ணோக்கியில் பளிச்சென்று தெரியும். 2007இல் வந்த உத்தி இது. இதை மரபணு வேலை என்பீர்களா, மூளை வேலை என்பீர்களா?

இரண்டிலும் கால் வைத்த ஆய்வாளர் ஃபெங் ஜாங்கைப் பாருங்கள். ஸ்டான்ஃபோர்டில் மூளை ஆய்வாளர் டைசரோத்தின் குழுவில் இருந்தபோது, பாசியின் ஒளியுணர் புரதத்தை நரம்புச் செல்லில் வைத்து ஒளியால் அதைத் தூண்டிக் காட்டிய 2005ஆம் ஆண்டுக் கட்டுரையில் அவர் பெயர் உண்டு. 2013 ஜனவரியில், மனித, எலிச் செல்களில் கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்தக் கருவி வேலை செய்கிறது என்று அவர் குழு காட்டியது. கிரிஸ்பருக்கான 2020 நோபல் பரிசோ அதை உருவாக்கிய சார்பென்டியேவுக்கும் டௌட்னாவுக்கும் போனது. அது வேறு கதை, அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தமும் உண்டு.

கிரிஸ்பர் என்ற பெயருக்காக மட்டும் ஓடாதீர்கள். அரிவாள் செல் சோகை என்ற பரம்பரை இரத்த நோய் இந்தியாவில் முதலில் பதிவானதே 1952இல், நம் நீலகிரிப் பழங்குடியினரிடம். அதற்கான கிரிஸ்பர் சிகிச்சையை 2023 நவம்பரில் பிரிட்டன் அனுமதித்தது. இரத்த மூலச் செல்களை வெளியே எடுத்து, திருத்தி, திரும்ப உடலில் செலுத்துகிறார்கள். மூளையை அப்படி வெளியே எடுத்து வைக்க முடியாதே! இரத்தத்தில் வரும் பல பொருள்களை மூளைக்குள் விடாத இரத்த மூளைத் தடுப்பைத் தாண்டித் திருத்தக் கருவியை உள்ளே கொண்டுபோக வேண்டும். நரம்புச் செல்கள் பிரிவதும் இல்லை. ஆகவே, பிரியும் செல்களில் பலிக்கும் சில திருத்த முறைகள் அங்கே எடுபடுவதில்லை. இன்று இந்தத் துறையில் வேலை இருப்பது இந்த முட்டுச்சந்தில்தான்.

வழி கேட்டீர்கள். ஐசர் (இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள்) நுழைவுத் தேர்வு எழுதுங்கள். ஐந்தாண்டுப் படிப்பு, நீட் வேண்டாம். கிடைக்காவிட்டால் பக்கத்துக் கல்லூரியில் பிஎஸ்சி படித்தாலும் குடி முழுகிவிடாது, நானே சாட்சி. முனைவர் பட்டத்துக்கு ஐந்தாறு ஆண்டுகள் பிடிக்கும். ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. கணக்கைக் கைவிட்டுவிடாதீர்கள்; நான் விட்டேன், முப்பது வயதில் புள்ளியியலை அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

அடுத்த மாதம் ஊருக்கு வருகிறேன். உங்கள் உயிரியல் ஆசிரியர் சம்மதித்தால், பள்ளிக்கு வந்து நுண்ணோக்கிப் படங்களைக் காட்டுகிறேன். கெண்டைக்காலில் தழும்பும் இருக்கிறது, கேட்டால் அதையும் காட்டுவேன்.