வீங்குவது ஒரு கால் மட்டும் என்றால் வல்லாரையை நம்பிக் காத்திருக்காதீர்கள்

கேள்வி: எனக்கு 36 வயது, குழித்துறையில் ஆசிரியையாக இருக்கிறேன். தொடையின் தோல் குழிகுழியாகிவிட்டது. அது இரத்த ஓட்டம் அடைபட்டதன் அடையாளம் என்று இணையத்தில் படித்து, இரண்டு மாதமாக நாளுக்கு ஆறு வல்லாரை மாத்திரைகளும், காலையில் வாய்க்கால் கரையில் பறித்த வல்லாரையின் சாறும் எடுத்து வருகிறேன். முடி கொட்டுகிறது, குதிகால் வெடிக்கிறது, மறதி இருக்கிறது. மாதவிலக்கு சீராவதற்கு மூன்று மாதமாக ஹார்மோன் மாத்திரையும் உண்டு. பெங்களூர் போய் வந்த பிறகு பத்து நாட்களாக இடது கால் வீங்கியிருக்கிறது, கெண்டைக்கால் வலிக்கிறது. என் அப்பாவுக்குச் சர்க்கரை நோயால் காலை எடுத்தார்கள். எனக்கும் அப்படி ஆகுமா? வல்லாரையின் அளவைக் கூட்டலாமா?

பதில்: கடிதம் கைக்கு வந்த அன்றே அதிலிருந்த எண்ணில் உங்களை அழைத்து, உடனே மருத்துவமனைக்குச் செல்லச் சொன்னேன். இதே நிலையில் இருந்துகொண்டு இதே இலையை அரைத்துக் குடித்துக்கொண்டிருக்கும் வேறு பெண்களுக்காகவும் அதற்கான காரணத்தை இங்கே எழுதுகிறேன்.

முடியையும் குதிகாலையும் முதலில் எழுதிவிட்டு, பத்து நாட்களாக ஒரு கால் மட்டும் வீங்கியிருப்பதைக் கடைசியில் சேர்த்திருக்கிறீர்கள். நான் அந்த ஒரு வரியில்தான் நின்றேன். இரண்டு கால்களும் சேர்ந்து மாலையில் வீங்கி, இரவு படுத்து எழுந்ததும் வற்றிவிட்டால், நாள் முழுவதும் வகுப்பில் நிற்பவருக்கு அது பெரும்பாலும் நின்றதால் வந்த வீக்கமாகவே இருக்கும். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலித்து, அந்த இடம் தொட்டால் சற்றுச் சூடாகவும் இருந்தால், காலின் உள்ளே ஆழமாக ஓடும் சிரையில், அதாவது இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாயில், இரத்தம் உறைந்து கட்டியாகியிருக்கிறதா என்பதை அன்றைக்கே பார்த்தாக வேண்டும். உங்களுக்கு அந்த ஐயத்தை வலுப்படுத்தும் காரணங்கள் இரண்டு உள்ளன. ஈஸ்ட்ரோஜன் கலந்த ஹார்மோன் மாத்திரை இரத்தம் உறையும் இயல்பைச் சற்றுக் கூட்டும். அந்த ஆபத்து மாத்திரை தொடங்கிய முதல் சில மாதங்களில்தான் அதிகம். பெரும்பாலான பெண்களுக்கு அதனால் ஒன்றும் நேர்வதில்லை என்பதும் உண்மை. ஆனால் அந்த மாத்திரையோடு, பேருந்தில் இரவு முழுவதும் காலைத் தொங்கப்போட்டு அசையாமல் உட்கார்ந்து வந்த பயணமும் சேர்ந்துவிட்டது. கெண்டைக்கால் தசை சுருங்கி விரியும்போதுதான் சிரையில் உள்ள இரத்தம் மேலே ஏறும்; பத்துப் பன்னிரண்டு மணி நேரம் அந்தத் தசை வேலை செய்யாவிட்டால் இரத்தம் தேங்கும்.

தையற்கடை நாடா ஒன்று வீட்டில் இருந்தால் நீங்களே அளந்து பார்க்கலாம். முட்டுச்சிரட்டைக்குக் கீழே கையில் தட்டுப்படும் எலும்பு மேட்டிலிருந்து 10 சென்டிமீட்டர் கீழே குறி வைத்து, இரண்டு கெண்டைக்கால்களின் சுற்றளவையும் எடுங்கள். வேறுபாடு 3 சென்டிமீட்டரைத் தாண்டினால் மருத்துவர்களாகிய நாங்களே அதை முக்கியமான அறிகுறியாகக் கணக்கில் எடுக்கிறோம். அளவு அதைவிடக் குறைவாக இருப்பதால் மட்டும் வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது. சிரையில் இரத்தம் ஓடுகிறதா என்று காட்டும் டாப்ளர் ஸ்கேன் வசதி உள்ள பக்கத்து மருத்துவமனைக்கோ, ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ செல்லுங்கள். பெரிய மருத்துவமனையில் காட்டினால்தான் மனம் ஆறும் என்று களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரத்தில் நாள் குறித்துக் காத்திருக்க வேண்டாம். ஹார்மோன் மாத்திரை அட்டையையும் வல்லாரைப் புட்டியையும் கையோடு எடுத்துச் சென்று, கேட்காவிட்டாலும் எடுத்துக் காட்டுங்கள்.

ஸ்கேன் முடியும் வரை அந்தக் காலைத் தைலம் தேய்த்து நீவவோ உழியவோ யாரையும் அனுமதிக்காதீர்கள். நம் பகுதியில் கால் வீங்கினால் முதலில் ஆசானிடம் உழிச்சிலுக்குப் போகும் வழக்கம் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். சிரையில் உறைந்த கட்டி பிய்ந்து நகர்ந்தால், அது இதயத்தின் வழியே நுரையீரலில் போய் அடைக்கும். திடீரென்று மூச்சு வாங்குதல், மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்தும் வலி, இருமலில் இரத்தம், மயக்கம் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் 108-ஐ அழையுங்கள். ஆட்டோவுக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருக்காதீர்கள். கடையில் ஆஸ்பிரின் வாங்கி விழுங்கிவிட்டால் போதும் என்று எண்ணுகிறவர்களும் உண்டு. இந்த நோய்க்கு அது சிகிச்சையாகாது. உறைவு உறுதியானால் இரத்தம் உறையாமல் காக்கும் மருந்தைக் குறைந்தது மூன்று மாதங்கள் தருவார்கள். நேரத்தில் தொடங்கினால் பெரும்பாலோர் நன்றாகத் தேறிவிடுகிறார்கள்.

இனி உங்கள் அச்சத்துக்கு வருகிறேன். உங்கள் அப்பாவின் காலைக் கொண்டுபோனது தமனி அடைப்பும், சர்க்கரையால் உணர்விழந்த பாதத்தில் ஆறாமல் போன புண்ணும்தான் என்று நினைக்கிறேன். தமனி என்பது இதயத்திலிருந்து காலுக்கு இரத்தத்தைக் கொண்டுவரும் குழாய். அது சுருங்கினால் நடக்கும்போது கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும், நின்றால் விடும். பாதம் குளிரும், வெளுக்கும், புண் ஆறாது. நீங்கள் எழுதியதில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. ஆகவே அப்பாவுக்கு நேர்ந்தது உங்களுக்கு இப்போது நேர்ந்துகொண்டிருக்கவில்லை. ஆனால் சர்க்கரை நோய் குடும்பத்தில் தொடரக்கூடியது என்பதால், வெறும் வயிற்றுச் சர்க்கரையையும், கடந்த மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சியையும் இந்த மாதமே பார்த்துவிடுங்கள். மாதவிலக்கும் சீராக இல்லாதவருக்கு இது இன்னும் அவசியம்.

தொடைக் குழிகளுக்கும் இரத்த ஓட்டம் அடைபடுவதற்கும் தொடர்பில்லை. பெண்களுக்குத் தோலின் அடியில் உள்ள நார்க்கற்றைகள் பெரும்பாலும் செங்குத்தாக நிற்கின்றன. அவற்றின் இடையே கொழுப்பு மேலெழும்பும்போது, நார் இழுத்துப் பிடித்த இடம் குழிவாகத் தெரிகிறது. ஆண்களுக்கு அந்த நார்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியிருப்பதால் அவ்வளவாகத் தெரிவதில்லை. 1978-இல் இரண்டு ஜெர்மானிய மருத்துவர்கள் இதை விளக்கி எழுதினார்கள். பருவமடைந்த பெண்களில் மிகப் பெரும்பாலோருக்கு, ஒல்லியானவர்களுக்கும், இது உண்டு. செல்லுலைட் என்று பெயரிட்டு இதை நோயாக்கி விற்பவர்களை நம்பி நீங்கள் இரண்டு மாதம் அஞ்சி வாழ்ந்தது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

வல்லாரையை நான் குறைத்துப் பேசவில்லை. எங்கள் வீட்டிலும் அதைத் துவையலாக அரைப்பார்கள். அதில் உள்ள டிரைடெர்பீன் என்னும் பொருள்களைப் பிரித்தெடுத்த சாரத்தை நாளொன்றுக்கு 60 முதல் 120 மில்லிகிராம் வரை கொடுத்துப் பார்த்த சிறிய ஆய்வுகளில், சிரைத் தளர்ச்சி உள்ளவர்களுக்குக் கால் கனமும் கணுக்கால் வீக்கமும் ஓரளவு குறைந்தன. உறைந்த இரத்தத்தை அது கரைத்ததாக எந்த ஆய்விலும் நான் கண்டதில்லை. தோலடி நார்களை அது மாற்றி அமைக்கவும் செய்யாது. நீங்கள் விழுங்கும் இலைப்பொடி மாத்திரை அந்தச் சாரமும் அன்று. எல்லை தாண்டி வாங்கியிருந்தால் புட்டியைத் திருப்பிப் பாருங்கள்: மலையாளத்தில் வல்லாரைக்குக் குடங்ஙல் என்று பெயர், பிரம்மி என்றால் நீர்ப்பிரம்மி என்னும் வேறு செடி, வடநாட்டிலோ வல்லாரையையே பிரம்மி என்று விற்பதுண்டு.

அளவைக் கூட்டுவதற்கு மாறாக, மாத்திரையையும் பச்சைச் சாற்றையும் இன்றே நிறுத்துங்கள். எடை குறைப்பதற்காக வல்லாரை மாத்திரை எடுத்த மூன்று பெண்களுக்குச் சில வாரங்களிலேயே மஞ்சள் காமாலை வந்ததை 2005-இல் அர்ஜென்டினா மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்; நிறுத்தியதும் அவர்கள் தேறினார்கள். அத்தகைய பாதிப்பு அரிதுதான். ஆனால் இரண்டு மாதம் ஆறு மாத்திரை வீதம் எடுத்தவருக்கு ஈரல் செயல்பாட்டுப் பரிசோதனை ஒன்று தேவை. சாக்கடை நீர் கலக்கும் வாய்க்கால் கரையில் பறித்த இலையைப் பச்சையாகக் குடிப்பது டைபாய்டையும் காமாலையையும் தேடிப் போவதாகும். துவையலுக்கு நன்றாகக் கழுவி வதக்கினால் தடையில்லை.

குதிகாலுக்கு இரவில் தேங்காய் எண்ணெய் போதும். முடிக்கும் மறதிக்கும் தைராய்டையும் ஹீமோகுளோபினையும் பின்னர் பார்க்கலாம்; ஒரு மாதம் பொறுத்தாலும் கெடுதல் இல்லை.

ஸ்கேனில் உறைவு இல்லை என்று தெரிந்தால், சுருள்சிரை நோய் உண்டா என்று பார்ப்பார்கள். உங்கள் மாமியார் சொன்னதாக நீங்கள் தொலைபேசியில் குறிப்பிட்ட மந்து, அதாவது யானைக்கால் நோய், உண்டா என்பதற்கும் இரத்தப் பரிசோதனை இருக்கிறது. ஹார்மோன் மாத்திரையைத் தொடர்வதா, வேறு முறைக்கு மாறுவதா என்பதை அந்த முடிவோடு உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள். அடுத்த முறை பெங்களூர் போகும்போது வண்டி நிற்கும் இடங்களில் எல்லாம் இறங்கி நடந்துவிட்டு ஏறுங்கள்.